ஓய்வு நாளுக்கும் பேர் போடுங்கள்: மலையகத்தில் சொந்தத் தொழில் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலையகத்தில் சொந்தமாக ஒரு சில்லறைக் கடையோ, தையல் நிலையமோ, மரக்கறி மொத்த வியாபாரமோ, வாடகைக்கு ஓடும் முச்சக்கர வண்டியோ வைத்து ஓரிரு ஆண்டுகளைக் கடந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஓய்வு எடுங்கள் என்ற அறிவுரைக்கு இவர்களிடம் பஞ்சமில்லை. வைத்தியரும் சொல்கிறார், வீட்டில் உள்ளவர்களும் சொல்கிறார்கள். ஆனால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்த அரைமணி நேரத்திலேயே ஏதோ திருட்டு வேலை செய்துவிட்டதைப் போல நெஞ்சு உறுத்தத் தொடங்கிவிடுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. அந்த உறுத்தலோடு கழியும் ஓய்வு நாள் வேலை நாளைவிடக் களைப்பைத் தரும் என்பதால், உறுத்தல் இல்லாமல் ஓய்வெடுப்பதற்கு நான் ஹட்டனில் ஒரு சிறிய எழுதுபொருள், நிழற்படப் பிரதிக் கடையை நடத்திக்கொண்டே கற்றுக்கொண்டவற்றை, செய்ய வேண்டிய ஒழுங்கில் இங்கே தருகிறேன்.

உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இதை முதலில் செய்யாவிட்டால் மற்ற எதுவும் நிலைக்காது. நம்மில் பெரும்பாலானோர் தோட்டத்தில் பிறந்தவர்கள், அல்லது தோட்டத்தில் பிறந்தவர்களுடைய பிள்ளைகள். விடிவதற்கு முன் எழுந்து, காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், குறித்த கிலோ கொழுந்தை எடுத்தால்தான் செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், ஒரு முழுப் பேர் விழும்; ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். எடை குறைந்தால் அரைப் பேர். போகாவிட்டால் பேரே இல்லை. பேர் இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஓய்வாக இருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போன தாய்மாரைப் பார்த்து வளர்ந்தோம். ஆகவே வேலைக்குப் போகாத நாள் என்பது நம் வீடுகளில் அடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு சங்கதியாக இருந்தது. அதைச் சோம்பல் என்று சொல்லக்கூட நேரமில்லை, அது வெறும் இழப்பு.

அந்தக் கணக்கு நாட்கூலிக்குச் சரியானது. சொந்தத் தொழிலில் நீங்கள் நாட்கூலியும் இல்லை, உங்கள் மேல் கங்காணியும் இல்லை. இருந்தும் தலைக்குள் ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்துகொண்டு தினமும் பேர் போட்டபடியே இருக்கிறார். நான் செவ்வாய்க்கிழமைகளில் கடையைப் பூட்டத் தொடங்கிய முதல் வாரம், முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற என் தாயார் காலை ஒன்பது மணிக்கு வாசலில் நின்று, "என்னா தம்பி, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றதும் அவருடைய முகத்தில் இருந்த கவலை இன்னும் கூடியது. "அப்ப ஏன் சும்மா ஒக்காந்திருக்க?" அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. நோய் ஒன்றுதான் ஓய்வுக்கு ஏற்றுக்கொள்ளத்தக்க காரணம் என்று அவரும் நம்பினார், உள்ளூர நானும் நம்பினேன்.

இத்தனைக்கும், தோட்டத்தில் தேயிலைச் செடிக்கே அந்தச் சலுகை உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட, மலையில் பல வாரங்களுக்குக் கொழுந்து கிடையாது. எந்தத் துரையும் அந்த மலையைப் பார்த்துச் செடிகள் சோம்பேறியாகிவிட்டன என்று சொன்னதில்லை, ஏனென்றால் அந்த வாரங்கள் ஏற்கெனவே தோட்டத்தின் கணக்குக்குள் இருக்கின்றன. நான் சொல்ல விரும்புவது முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது: உங்கள் ஓய்வு நாளையும் உங்கள் கணக்குக்குள் கொண்டுவாருங்கள், அதற்கும் ஒரு முழுப் பேர் போடுங்கள்.

ஒரு வாரத்திற்கு மணித்தியாலங்களை எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். கடையைத் திறந்த நேரம், பூட்டிய நேரம், பூட்டிய பிறகு வீட்டில் கணக்குப் பார்த்த நேரம், இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதிய நேரம் என எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். நான் எழுதியபோது, காலை ஏழு மணியிலிருந்து இரவு எட்டரை வரை கடை மட்டுமே ஒரு நாளைக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம், ஏழு நாட்களுக்கு 94 மணித்தியாலத்திற்கும் மேல் என்று வந்தது. அதைப் பார்த்ததும் முதலில் வந்தது பெருமைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டைப் படித்த பிறகு அந்தப் பெருமை இறங்கியது. வாரத்திற்கு 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களோடு ஒப்பிடும்போது, 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் ஏற்படும் ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்றும், இதயக் குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள்: கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வாரத்திற்கு 45 மணித்தியாலம் என்ற எல்லையையும், ஒன்றரை நாள் வார விடுமுறையையும் வைத்திருக்கிறது. உங்கள் கடையில் நிற்கும் பையனுக்கு அந்த விடுமுறையை நீங்கள் கொடுத்தாக வேண்டும். உங்களுக்குக் கொடுக்கும்படி சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், கடையில் உரிமை இல்லாத ஒரே ஆளாக முதலாளி நின்றுவிடுகிறார்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

ஓய்வு நாளை நாட்டின் நாட்காட்டியைவிட உங்கள் ஊரின் நாட்காட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற நகரங்களில் ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்து மக்கள் சாமான் வாங்க இறங்கும் நாள்; தோட்டத்துச் சம்பள நாளையும் முற்பணம் கொடுக்கும் நாளையும் அடுத்துவரும் இரண்டு நாட்களும் அப்படித்தான். அந்த நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்க எவராலும் முடியாது. முடியும் என்று சொல்பவரை நான் நம்ப மாட்டேன். செவ்வாய் அல்லது புதன் போன்ற நடுவாரத்து நாளே பெரும்பாலான சில்லறைக் கடைகளுக்குப் பொருந்தும். நுண்கடன் எடுத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாரத் தவணை கட்டும் கூட்டம் நடக்கும் நாளை ஓய்வு நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று எப்படியும் கடையை விட்டுப் போகத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த நாளின் காலை முழுவதும் காசு எண்ணுவதிலும் மாலை முழுவதும் அதை நினைத்துக் கொண்டிருப்பதிலும் போய்விடும்.

போயா தினத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அரச விடுமுறை, வங்கி விடுமுறை. அன்று காசோலை மாறாது, வைப்பிலிட முடியாது, அலுவலகங்களுக்குப் பத்திரம் கொண்டு ஓடுபவர்களும் இல்லை. என்னுடையதைப் போன்ற கடைக்கு அது இயல்பாகவே மெலிந்த நாள். (1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களையொட்டித்தான் வார விடுமுறையே இருந்தது. அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் நிலவைப் பார்த்து ஓய்வெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.)

ஆண்டின் பெரிய ஓய்வையும், அதாவது மூன்று நாட்களோ ஒரு வாரமோ தொடர்ந்து எடுப்பதையும், இதே வகையில் பாருங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் மாதத்து உந்துவப் போயாவில் தொடங்கி மே மாதத்து வெசாக் போயாவோடு முடிகிறது. நல்லதண்ணியிலும் மஸ்கெலியாவிலும் ஹட்டனிலும் இரவுக் கடை போடுபவர்கள் அந்த மாதங்களில் ஓய்வு தேடக் கூடாது, வெசாக் முடிந்து தென்மேல் பருவமழை கொட்டத் தொடங்கும் ஜூன் மாதமே அவர்களுக்கு உரியது. நுவரெலியாவில் அறை வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு ஏப்ரல் வசந்தகாலம் முடிந்த கையோடு ஒரு வாரம். பண்டாரவளை, பதுளைப் பக்கத்து மழை வேறு மாதங்களில் வருவதால் அங்குள்ளவர்கள் ஹட்டன்காரரைப் பார்த்துத் திட்டமிட வேண்டாம். எங்களைப் போன்ற எழுதுபொருள் கடைகளுக்குப் பாடசாலைகளில் புதிய தவணை தொடங்கும் வாரங்களில் மூச்சுவிட நேரமில்லை. அதற்கு மூன்று வாரம் கழித்து நிறையவே இருக்கிறது.

ஓய்வின் விலையைக் கணக்கிடுங்கள்

உறுத்தலுக்கு மருந்து இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடையைப் பூட்டினால் எவ்வளவு போகும் என்று கேட்டால் பெரும்பாலானோர் அன்றைய விற்பனைத் தொகை முழுவதையும் சொல்வார்கள். அது பிழையான விடை. பூட்டிய கடையில் விற்காத பொருள் அலுமாரியிலேயே இருக்கிறது. போவது அதன் இலாபம் மட்டும். அந்த இலாபத்திலும் ஒரு பகுதி மறுநாள் திரும்பி வருகிறது, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை பூட்டியிருந்த கதவைப் பார்த்துத் திரும்பிப் போன பிள்ளைக்கு புதன்கிழமையும் கொப்பி தேவைப்படுகிறது.

என் கடைக் கணக்கையே காட்டுகிறேன். நான்கு வாரங்களுக்கு நாள்வாரியாக விற்பனையையும் இலாபத்தையும் எழுதியபோது, செவ்வாய்க்கிழமையின் சராசரி இலாபம் 2,500 ரூபாய் என்று வந்தது. செவ்வாயைப் பூட்டத் தொடங்கி எட்டு வாரங்களுக்குப் பின் பார்த்தால், 2,900 ரூபாயாக இருந்த புதன்கிழமை இலாபம் சராசரியாக 4,100 ரூபாயாகியிருந்தது. ஆக 1,200 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. அன்றைய மின்சாரம், பையனுடைய மதியச் சாப்பாடு, இரண்டு வேளைத் தேநீர் ஆகியவற்றில் 450 ரூபாய் மிஞ்சியது. எனவே ஒரு ஓய்வு நாளின் உண்மையான விலை 850 ரூபாய், நான்கு வாரத்திற்கு 3,400 ரூபாய். அதைக் கடை திறந்திருக்கும் 24 நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 142 ரூபாய் வருகிறது. ஒரு பிள்ளையின் பரீட்சை விண்ணப்பத்தை நிரப்பிப் பிரதி எடுத்துக் கொடுக்கும் காசு அது. இத்தனை காலமும் அந்தக் காசுக்குப் பயந்துதான் என் செவ்வாய்க்கிழமைகளை விற்றிருக்கிறேன்.

உங்களுடைய தொகை வேறாக இருக்கும்; சில தொழில்களில் மிகக் கூடுதலாகவும் இருக்கலாம். முச்சக்கர வண்டிக்காரருக்கு இன்று போன வாடகை நாளை திரும்பி வராது, அதோடு லீசிங் தவணை வண்டி நின்றாலும் நிற்காது. அப்படிப்பட்டவர்கள் முழு நாளில் தொடங்க வேண்டாம். பிற்பகல் இரண்டு மணியோடு முடியும் ஓர் அரை நாளில் தொடங்குங்கள். ஆனால் தொகை எதுவானாலும் அதை மாதச் செலவுப் பட்டியலில் கடை வாடகைக்கும் மின்சாரத்திற்கும் கீழே "ஓய்வு" என்று எழுதி, அதற்கான காசை மற்ற நாட்களின் வருமானத்திலிருந்து தினமும் ஒரு தனி உறையில் போடுங்கள். சீட்டுக் காசை எப்படித் தொடாமல் ஒதுக்கிவைப்பீர்களோ அப்படியே. ஓய்வு நாளன்று காலை அந்த உறையிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்துக் கொடுக்கும்போது, அன்று நீங்கள் சம்பளத்தோடு விடுமுறையில் இருக்கிறீர்கள். தலைக்குள் இருக்கும் கணக்கப்பிள்ளைக்கு இதைவிட விளங்கும் மொழி வேறு இல்லை. நாள் முடிவில் கொப்பியில் அன்றைய திகதிக்கு நேரே ஒரு முழுப் பேரும் போடுங்கள்.

ஊருக்குச் சொல்லுங்கள்

பூட்டிய கடையைவிட, எப்போது பூட்டும் என்று தெரியாத கடைதான் வாடிக்கையாளரை இழக்கிறது. தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கதவில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டுங்கள்: "செவ்வாய்க்கிழமைகளில் கடை விடுமுறை. புதன் காலை 7 மணிக்குத் திறக்கப்படும்." அவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்டோ காரணம் சொல்லியோ எழுத வேண்டாம். காரணம் எழுதினால் அதைப் பற்றிப் பேச ஆள் வரும். சாமான் போடும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் வட்ஸ்அப் குழுவுக்கும் அதே வாசகத்தையே அனுப்புங்கள். கடையின் இரண்டாவது சாவி நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும், ஆனால் அது தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்கு மட்டும். "ஒரு பேனைதானே அண்ணே" என்பதற்கு அந்தச் சாவி வெளியே வரக் கூடாது.

உறவினர்கள் பேசுவார்கள். வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒரு கதையும், கடன்காரருக்குப் பயந்து பூட்டுகிறான் என்று இன்னொரு கதையும் இரண்டு வாரத்திற்கு ஓடும். மூன்றாவது வாரம் ஊருக்கு வேறு கதை கிடைத்துவிடும்.

முதல் ஓய்வு நாள்

முதல் நாள் மோசமாகத்தான் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள். எனக்குக் காலை பத்து மணிக்குத்தான் அது உச்சத்துக்கு வந்தது. கைத்தொலைபேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடியிருந்தேன்; அரிசிக்குள் புதைந்தபடி அது அதிர, தகர டின் முழுவதும் சேர்ந்து உறுமியது. மூன்று முறை உறுமியபோது எழுந்துபோய் மூடியில் கையை வைத்துவிட்டேன். என் மனைவி கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்துவிட்டேன். மாலையில் திறந்து பார்த்தால், மூன்றில் இரண்டு அழைப்புகள் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம், ஒன்று தவறான இலக்கம்.

அந்த நாளில் எதைச் செய்வது என்பதைவிட எதைச் செய்யாமல் இருப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள். சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போவது ஓய்வு ஆகாது. கடைக்கு வர்ணம் பூசுவதும், கடன் கொப்பியைப் புரட்டுவதும், வாகனத்தைச் சேர்விஸுக்குக் கொண்டுபோவதும் அப்படியே. தூங்குங்கள், வளர்ந்தவர்களுக்கு ஓர் இரவுக்கு ஏழு மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் அதை இழந்தவருடைய உடம்பு முதல் சில ஓய்வு நாட்களில் தூக்கத்தைத் தவிர வேறு எதையும் கேட்காது. அதன் பிறகு பிள்ளையோடு நடந்து போங்கள், கோயிலுக்குப் போங்கள், லயத்து வாசலில் வெயில் காயுங்கள். பயனுள்ளதாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று மனம் சொல்லும்போது, அந்தக் குரல் யாருடையது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

கட்டாயத்தினால் நின்றுபோகும் வேலையை ஓய்வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது, என் பிரதி இயந்திரம் துணி போர்த்தியபடி கிடந்தது; எனக்கு அதுவரை கிடைக்காத அளவு ஓய்வு நேரம் கிடைத்தது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த மாதங்களில் நான் களைத்ததைப் போல எந்தப் பரீட்சைக் காலத்திலும் களைத்ததில்லை. எப்போது மின்சாரம் வரும் என்று காத்திருப்பது ஒரு வேலை, அதுவும் கூலியில்லாத வேலை.

வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்கு

தையல், பலகாரம், பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு என்று வீட்டுக்குள் இருந்தே தொழில் நடத்தும் சகோதரிகளுக்கு மேலே சொன்னவை பாதிக்குப் பாதிதான் பயன்படும், ஏனென்றால் அவர்களுக்குப் பூட்டுவதற்குக் கதவு இல்லை. தையல் இயந்திரம் இருக்கும் அறையே படுக்கும் அறை. இரவு ஒன்பது மணிக்கும் யாராவது ஒரு சாரி பிளவுஸோடு வந்து நிற்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், தொழிலுக்கு விடுமுறை விட்ட நாள் அப்படியே துணி துவைக்கும் நாளாகவும் விறகு அடுக்கும் நாளாகவும் மாறிவிடுவது. எனக்குத் தெரிந்த ஒரு தையல்கார அக்கா வியாழக்கிழமையை ஓய்வு நாளாக்கி மூன்று மாதம் கழித்து, "தம்பி, நான் வியாழக்கெழமதான் ரொம்ப ஒடைஞ்சி போறேன்" என்றார். அவருடைய வீட்டில் ஓய்வெடுத்தது இயந்திரம் மட்டும்.

ஆகவே இவர்களுக்கு ஓய்வு நாள் என்பது வீட்டோடு பேசித் தீர்க்க வேண்டிய ஒன்று. அன்றைய சமையலை யார் செய்வது, தண்ணீர் யார் பிடிப்பது, பிள்ளையைப் பாடசாலைக்கு யார் கூட்டிப்போவது என்று பெயர் குறித்துப் பேச வேண்டும். "உதவி செய்கிறோம்" என்ற பொதுவான வாக்குறுதி காலை எட்டு மணிக்கே காணாமல் போய்விடும். கணவருக்கு ரொட்டி தட்டவும் சம்பல் அரைக்கவும் தெரியாது என்றால், அன்று எல்லோரும் பாண் சாப்பிடட்டும். இயந்திரத்தின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, அந்தத் துணி கிடக்கும்போது யார் வந்தாலும் அளவு எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு இல்லாத வீட்டில் அந்தத் துணிதான் பூட்டு. முடிந்தால் அந்த நாளில் ஒரு சில மணித்தியாலமாவது வீட்டை விட்டு வெளியே, தாய் வீட்டுக்கோ சிநேகிதி வீட்டுக்கோ போய் இருங்கள், ஏனென்றால் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணை வேலை தேடிக் கண்டுபிடித்துவிடும்.

அன்றாடத்துக்குச் சில

வாரத்தில் ஒரு நாள் வந்துவிட்டால் மற்றவை தாமாகச் சேரும். மதியச் சாப்பாட்டைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி விழுங்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரவு எட்டரைக்குப் பின் வரும் வட்ஸ்அப் கேள்விகளுக்குக் காலையில் பதில் சொல்லுங்கள்.

இரவில் வாகனம் ஓட்டுவதைப் பற்றி மட்டும் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருமுறை அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, புறக்கோட்டையில் நாள் முழுவதும் அலைந்து சாமான் ஏற்றி, இரவு ஒன்பதரைக்கு என் சிறிய வேனை கினிகத்தேனை வளைவுகளில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியதாக எனக்கு நினைவில்லை. இடது சக்கரம் வீதியோரக் கல்லில் உரசிய சத்தத்தில்தான் கண் திறந்திருக்கிறது. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவருடைய கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவருடையதைப் போலக் குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அன்று நான் பதினேழரை மணித்தியாலம் விழித்திருந்தேன். நான் குடிப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவன். இப்போதெல்லாம் சாமான் எடுக்கப் போனால் பிற்பகல் மூன்று மணிக்குக் கொழும்பை விட்டுவிடுகிறேன்; அதற்குள் வாங்க முடியாததை அடுத்த முறை வாங்குகிறேன்.

ஓய்வு போதாதபோது

ஆறேழு வாரம் ஒழுங்காக ஓய்வெடுத்தும் களைப்பு குறையவில்லை என்றால், அதை மனவுறுதிக் குறைவாக எண்ணி இன்னும் வேகமாக ஓடாதீர்கள். சர்க்கரை, இரத்தச்சோகை, தைராய்டு ஆகியவை பல வேளைகளில் களைப்பாகத்தான் முதலில் முகம் காட்டும். அரச வைத்தியசாலையில் இவற்றைக் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு உங்கள் ஓய்வு நாளைப் பயன்படுத்தாமல் ஒரு வேலை நாளின் காலையை ஒதுக்குங்கள். எவ்வளவு தூங்கினாலும் போகாத சோர்வு, ஒரு காலத்தில் ஆசையாகச் செய்த தொழிலின் மேலும் வாடிக்கையாளர் மேலும் வெறுப்பு, எதைச் செய்தாலும் உருப்படியாக வரவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், அதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாகக் குறித்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். தூக்கமின்மையும் நம்பிக்கையிழப்பும் கூடினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்துப் பேசலாம். நெஞ்சு இறுக்கமோ, கை மரத்துப்போதலோ, வாய் கோணுதலோ தெரிந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்று நேரம் பார்க்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தவறிப்போன நாட்கள்

தவறும். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் நானும் கடையைப் பூட்டுவதில்லை. சொந்தத்தில் சாவு விழுந்து ஒரு செவ்வாய் போனால் அது ஓய்வு நாளாகக் கணக்கில் வராது. மாதக் கடைசியில் கொப்பியை எடுத்து, ஓய்வு நாட்களுக்கு எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தால், அடுத்த மாதம் ஐந்து எடுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அது மறுபடியும் கொழுந்துக் கிலோக் கணக்காகிவிடும். விட்டுப்போன நாளுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு, உறையில் மிஞ்சிய காசை அப்படியே வைத்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கு முந்திய இரவு அரிசி டின்னில் இடமிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.